ஐஸுக்குள் போன பச்சை ஆனை

ஜூன் 8, ஞாயிறு

இது போன வருஷத்து டைரி. ஐஸ் கம்பெனி முதலாளி அப்பாவுக்குக் குடுத்தது. அப்பா ஒரு எழுத்துகூட எழுதல. அதனால இனிமே இது என்னுது. அச்சடிச்ச கிழமை எல்லாம் தப்பா இருக்கும், அடிச்சுட்டு நானே எழுதிக்குறேன்.

என் பேரு ஜெனோவா. ஏழாம் வகுப்பு. நாகப்பட்டினம் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. அதோட முதுகுல ஒட்டினாப்ல கம்பெனி குடுத்த ரெண்டு ரூம் வீடு, அதுல நாங்க. அப்பா சவரிராஜ், மிஷின் ஆபரேட்டர். அம்மா வீட்டுல தையல். தங்கச்சி பிளெஸ்ஸி. வயசு அஞ்சு, வாய் அம்பது.

ஏப்ரல் பாதியிலேருந்து மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில கிடக்கு. படகு போகலைன்னா ஐஸ் எதுக்கு? ரெண்டு மாசமா மிஷினும் ஓடல. வீடு ஒரு மாதிரி ஊமையா இருக்கு. மிஷின் ஓடினா சமையல்கட்டுல டம்ளர்லாம் நடுங்கும், எனக்கு அதுதான் பழக்கம். அந்தச் சத்தத்துல பேசினா கேட்காதுன்னு அப்பா கையைக் காட்டியே பேசுவாங்க. சத்தம் நின்னப்புறமும் அதே பழக்கம்தான். சோறு வேணும்னா தட்டைத் தட்டுவாங்க. அப்பா சேர்ந்தாப்ல ஆறு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்ல. அது போகட்டும்.

பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் பத்திரிகை போடுறாங்க. ஆளுக்கு ஒரு மாயக்கதை எழுதணும்னு தேன்மொழி டீச்சர் சொல்லிட்டாங்க. 27ஆம் தேதி கடைசி நாள். முதல் பக்கத்துல என் கதைதான் வரணும். வேற யாருது வந்தாலும் ஒத்துக்க மாட்டேன்.

ஆரம்பிச்சும் ஆச்சு. "பனிமலை உச்சியிலே ஒரு கண்ணாடிக் கோட்டை. அதிலே ஓர் இளவரசி." பிளெஸ்ஸிக்குப் படிச்சுக் காட்டினேன்.

"அந்த அக்கா என்ன பண்றா?"

"அழுவுறா."

"ஏன்?"

"இளவரசின்னா அழுவா. நீ கேளு."

"எனக்கு வேணாம்"னு எழுந்து போயிட்டா. ரசனை கெட்ட கழுதை.

ஜூன் 9, திங்கள்

மிஷினை ஓட்டிட்டாங்க! டம்ளர் நடுங்குது. இளவரசி இன்னும் அழுதுட்டேதான் இருக்கா. எனக்கே கடுப்பா இருக்கு.

ஜூன் 11, புதன்

கம்பெனிக்குள்ள என்ன இருக்குன்னு எழுதி வைக்கிறேன். பெரிய தொட்டி, அது நிறைய உப்புத்தண்ணி. அதுக்குள்ள வரிசை வரிசையா தகர டின்னு, டின்னுக்குள்ள நல்ல தண்ணி. ஒவ்வொரு டின்னு மேலயும் மரப்பலகை மூடி. அந்த மூடிங்க மேலதான் எல்லாரும் நடப்பாங்க. கீழ டின்னுத் தண்ணி உறைஞ்சு ஆள் உசரத்துக்கு ஐஸ் பாரா ஆயிடும். கிரேன்ல ஒரு வரிசையையே தூக்கி, சாதா தண்ணியில ஒரு முக்கு முக்கிக் கவுத்தா, பாரெல்லாம் சர்ருனு வழுக்கிட்டு வரும்.

இன்னிக்கு முதல் வரிசை வந்துச்சு. பிளெஸ்ஸி அவளோட ரப்பர் ஆனையை இடுக்கிக்கிட்டு ஒரு பார்கிட்ட குந்திட்டா. ஆனை பச்சை கலரு, அமுக்கினா கீச்சுங்கும், பேரு குண்டப்பன். ஐஸ் பார் வெளியில கண்ணாடியா இருந்தாலும் நடுவுல மட்டும் வெள்ளையா, நீளமா ஒண்ணு இருக்கும்.

"அக்கா, உள்ள யாரு தூங்குறா?"

"யாருமில்லடி, அது காத்து."

"காத்து ஏன் படுத்திருக்கு?"

நானும் குந்திப் பார்த்தேன். பொறந்ததுலேருந்து பார்க்குற ஐஸுதான். ஆனா இன்னிக்குப் பார்த்தா ஒண்ணுக்குத் தாடி இருக்கு! இன்னொண்ணுக்குக் கிரீடம்!

அவர்தான் ஐஸ் ராஜா. தொட்டிக்கு அடியில அவரோட ஊரு. மிஷின் சத்தம் அவர் குறட்டை. மிஷின்லேருந்து அமோனியா வாயு கசிஞ்சா கண்ணு எரியுமே, அது அவர் விடுற கொட்டாவி. தண்ணியில உப்பு எதுக்குன்னா, அவர் சட்டை உறைஞ்சு போகாம இருக்க. ஒரே மூச்சுல நாலு பக்கம் எழுதிட்டேன். கையே வலிக்குது. இளவரசி மலையிலேயே கிடக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

கதை மாட்டிக்கிச்சு. ராஜாவைப் பார்க்க ஒருத்தர் ஐஸுக்குள்ள போகணும். எப்படிப் போவாங்க? போனா எப்படித் தெரிவாங்க? பார்க்காம எப்படி எழுதுறது? இளவரசியைப் பார்க்காம எழுதினதுனாலதானே அவ உருப்படாம போனா.

அதனால ஒரு சின்ன காரியம் பண்ணேன். யாருகிட்டயும் சொல்லல, டைரிகிட்ட மட்டும் சொல்றேன். சாயங்காலம் லோடுமேன் மாமாங்க டீ குடிக்கப் போனப்ப, குண்டப்பன் வயித்து ஓட்டையில தண்ணி ரொப்பி, ஒரு டின்னுக்குள்ள நூல்ல கட்டித் தொங்கவிட்டேன். நூலை ஒரு குச்சியில கட்டி டின்னு வாய்ல குறுக்க வெச்சேன். மூடி மேல சாக்பீஸ்ல பெருக்கல் குறி. சனிக்கிழமை பார் வெளிய வர்றப்ப நானே எடுத்துடுவேன். பிளெஸ்ஸிக்கு ரெண்டு நாள் தெரியாது. தெரிஞ்சாலும் சமாளிப்பேன்.

பார்ல எதையும் போடக்கூடாதுதான். போன வருஷம் ஒரு பாருக்குள்ள பீடித் துண்டு உறைஞ்சு கிடந்ததுன்னு முதலாளி செல்லையன் மாமாவை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாரு. ஆனா அது பீடி. இது ஆராய்ச்சி.

ஜூன் 13, வெள்ளி

"குண்டப்பன் எங்க?"ன்னு பதினேழு தடவை கேட்டுட்டா. துவைக்கப் போட்டிருக்குன்னு சொன்னேன்.

ஜூன் 14, சனி

ஐயோ ஐயோ ஐயோ.

இன்னியோட தடை முடியுது, நாளைக்குக் கடலுக்குப் போகலாம். அதனால விடிஞ்சதுலேருந்து படகுங்க ஐஸுக்கு வரிசை கட்டி நிக்குது. நான் சாக்பீஸ் மூடியையே பார்த்துட்டு, காலையில இட்லிகூடத் தின்னாம உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு அந்த வரிசையைத் தூக்கினாங்க. கவுத்தாங்க. எல்லாம் வெறும் பார்! ஒண்ணுலயும் ஆனை இல்ல!

லோடுமேன் மாமாகிட்ட மெதுவா கேட்டேன், "மாமா, மூடியை எடுத்தா எடுத்த இடத்துலயேதானே வைப்பீங்க?"

"அதெல்லாம் யாரு பார்க்குறா? கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த டின்னுல வைப்போம்."

இந்த மூடிங்க மேலயே தவழ்ந்து வளர்ந்தவ நான். அவங்க மூடியைத் தூக்கிப் போடுறதை ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். எனக்கு ஏன்டா தோணல! சொட்டுற பைப்புக்கு நேர் கீழ இருந்த டின்னுலதான் குண்டப்பனை விட்டேன், அது இப்ப ஞாபகம் வருது. அந்த வரிசை ஆறு மணிக்கே போயிடுச்சு. எந்த ஐஸு எந்தப் படகுக்குன்னு எழுதுற போர்டுல போட்டிருக்கு: 'நீலவேணி.' நீலவேணிக்காரங்க ஐஸை அரைச்சு வாங்க மாட்டாங்க, முழுப் பாரா அடுக்கி எட்டு நாளைக்கு ஆழ்கடல் போவாங்க.

நடுக்கடல்ல அவங்க பாரை உடைப்பாங்க. உள்ளேருந்து ஆனை வரும். கரைக்கு வந்து முதலாளிகிட்ட சொல்லுவாங்க. அப்பாவுக்கு வேலை போயிடும். வேலை போனா வீடும் போயிடும், வீடு கம்பெனியோடது. எல்லாம் என்னாலதான்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போயிட்டு வந்தோம். மாதாகிட்ட விவரமா சொன்னேன், பதில் இல்ல.

பிளெஸ்ஸி கொடியில தேடிட்டு, "துவைச்சது எங்க?"ன்னு உருண்டு பிரண்டு அழுதா. எனக்கு வேற வழி தெரியல. "அழாதடி. குண்டப்பனை ஐஸ் ராஜா விருந்துக்குக் கூப்பிட்டிருக்காரு. படகு ஏறிப் போயிருக்கான்"னு சொல்லிட்டேன். டக்குனு அழுகையை நிறுத்திட்டா.

"என்ன விருந்து?"

இப்ப விருந்து வேற வைக்கணும். வெச்சேன். அரை மணி நேரம் சொன்னேன். ராஜாவோட அரண்மனைக்கு இறால் மீசையில பின்னின கதவு. காவலுக்கு ரெண்டு நண்டு, ரெண்டும் பக்கவாட்டுலயே நடக்குறதால வந்தவங்களை எப்பவும் பக்கத்து வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடும்.

ஜூன் 16, திங்கள்

கம்பெனிக்குள்ள போய் நூல், குச்சி ஏதாவது கிடக்குதான்னு தேடினேன். அந்தக் குச்சி தொட்டி ஓரத்துலதான் விழுந்திருக்கணும். காணோம். அப்பா சட்டைப் பையில ஏதோ குச்சி மாதிரி நீட்டிட்டு இருந்துச்சு. பேனாவா இருக்கும்.

இன்னிக்குக் கதை: ராஜாவுக்குக் குளிர்ல தூக்கம் தூக்கமா வருது. குண்டப்பன் கீச்சு கீச்சுன்னு கத்தி எழுப்பி விடுறான். ராஜாவுக்குச் சந்தோஷம். நூறு வருஷமா அவரை எழுப்ப ஆளே இல்லையாம்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டுப்பாடம் நிறைய. கதையைச் சீக்கிரம் முடிச்சுட்டேன், "ஆனை பெரிய சுழிகிட்ட போச்சு, மீதி நாளைக்கு"ன்னு. திரும்பிப் பார்த்தா வாசப்படியில அப்பா.

"அப்புறம்?"னாங்க.

அப்பா வாயிலேருந்து! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "சுழிக்குள்ள விழுந்துச்சா, தாண்டிடுச்சா?" அப்படின்னு வேற கேட்டாங்க. தாண்டலப்பா, நாளைக்குத்தான்னேன். முகத்தைச் சுளிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. ஆறு மணிக்கு மேல டீ குடிச்சா தூக்கம் வராதுன்னு அப்பாதான் சொல்லுவாங்க. இப்ப தினம் ஆறு மணிக்கு மீனவர் சங்க ஆபீஸ் பக்கம் போறாங்க.

ஜூன் 18, புதன்

சுழியைத் தாண்டிட்டான். எப்படின்னா, தும்பிக்கையை ஸ்ட்ரா மாதிரி விட்டு சுழியை உறிஞ்சிட்டான். அப்பா சிரிச்சாங்க.

நான் இதை எதுக்கு எழுதுறேன்னு தெரியல. அப்பா சிரிச்சாங்க, அவ்ளோதான்.

ஜூன் 19, வியாழன்

ஆபத்து! பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப வலை பின்னிட்டிருந்த ஒரு தாத்தா என்னைப் பார்த்து, "என்ன புள்ள, உங்க ஆனை சுழியை உறிஞ்சிடுச்சாமே?"ன்னாரு. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு ஓடி வந்து பிளெஸ்ஸி காதைத் திருகினேன். "நான் யாருகிட்டயும் சொல்லல, சத்தியமா!"ன்னு அலறினா. அவ சத்தியத்தை நம்ப முடியாதுதான். ஆனா அவளுக்கு அந்தத் தெருவுக்குப் போற வழியே தெரியாது.

ஜூன் 20, வெள்ளி

அப்பாகிட்ட சொல்லிடலாம்னு போனேன். மிஷின் பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் கத்திச் சொன்னேன்: ஆனை, நூல், மூடி, நீலவேணி, எல்லாம். கண்ணைத் திறந்து பார்த்தா அப்பா காதைத் தொட்டு 'கேட்கல'ன்னு கையாட்டினாங்க. அப்புறம் 'சாப்பிட்டியா?'ன்னு கையைக் காட்டினாங்க. அப்புறம் என் தலையில கையை வெச்சுட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.

மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வரல. அது போகட்டும்.

ஜூன் 21, சனி

நாளைக்கு நீலவேணி வருது. கதையை முடிக்கச் சொல்லி பிளெஸ்ஸி படுத்துறா. எப்படி முடிக்கிறது? நாளைக்கு என்ன நடக்கும்னே தெரியல. "குண்டப்பன் ராஜாகிட்ட, வீட்டுக்குப் போகணும்னு சொன்னான். ராஜா யோசிச்சாரு"ன்னு அங்கேயே நிறுத்திட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

காலையில துறைமுகத்துக்குப் போனோம். வர வேண்டாம்னு சொல்லியும் பிளெஸ்ஸி ஒட்டிக்கிட்டா. அங்க முதலாளியும் நின்னாரு, வெள்ளை வேட்டியில, பக்கத்துல அப்பா.

நீலவேணி உள்ள வந்துச்சு. அதோட முகப்புல, எல்லாரும் பார்க்குறாப்ல, கழுத்துல பிளாஸ்டிக் மாலையோட, பச்சையா...

"குண்டப்பா!" பிளெஸ்ஸி போட்ட கத்துல காக்காலாம் பறந்துச்சு.

முதலாளி படகைப் பார்த்தாரு. பிளெஸ்ஸியைப் பார்த்தாரு. அப்பாவைப் பார்த்தாரு. "சவரி, இது நம்ம ஐஸுக்குள்ளேருந்தா வந்துச்சு?"

அப்பா சொன்னாங்க: "ஆமா முதலாளி. என் தப்பு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

நான் எண்ணினேன். ஏழு வார்த்தை! அதுல 'ஆமா முதலாளி' தவிர அஞ்சும் பொய். எனக்காக அப்பா பேசின பொய். முதலாளி முன்னால போய் நின்னு அழுதுக்கிட்டே கத்தினேன். "இல்ல! நான்தான் போட்டேன்! கதைக்காகப் போட்டேன்! அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது, வேலையை விட்டு அனுப்பாதீங்க!"

படகுலேருந்து டிரைவர் குமரவேல் மாமா எட்டிப் பார்த்தாரு. "ஏ, இதுதான் அந்தக் கதைப் புள்ளையா? இந்தா பாப்பா, ஆனைக்கும் கடல்குதிரைக்கும் கல்யாணம் முடிஞ்சுதா இல்லையா?"

"கல்யாணமா? நான் எப்ப கல்யாணம் பண்ணி வெச்சேன்?" அழுதுட்டு இருந்தவளுக்குக் கோபம் வந்துடுச்சு.

"ஐஸ் ராணி பொண்ணு பார்க்கப் போனாளே!"

"ராணி இல்ல, ராஜா! கடல்குதிரையே என் கதையில கிடையாது!"

அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. ஆனை போன அன்னிக்கே அப்பா குச்சியையும் நூலையும் பார்த்துட்டாங்க. சங்க ஆபீஸ் வயர்லெஸ்ல, "பச்சை ஆனை ஒண்ணு வந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, என் சின்னப் பொண்ணோடது"ன்னு சொல்லிவிட்டிருக்காங்க. நீலவேணி தூரத்துல இருந்ததால சேதி நேரா போகாது. பக்கத்துப் படகுக்குச் சொல்லி, அவங்க அடுத்த படகுக்குச் சொல்லி, நாலாவதாத்தான் போகும். நடுவுல இருந்தவங்க, "ஆனை எதுக்கு ஐஸுக்குள்ள போச்சு?"ன்னு கேட்டிருக்காங்க. அப்பா சொல்லியிருக்காங்க. "அப்புறம்?"னு கேட்டிருக்காங்க. எங்க அப்பா, தட்டைத் தட்டி சோறு கேட்குற எங்க அப்பா, ஒரு வாரமா தினம் ஆறு மணிக்கு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்ன கதையைக் கடலுக்குச் சொல்லிட்டு இருந்திருக்காங்க!

ஒவ்வொரு படகும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருக்கு. ரெண்டாவது படகுல ராஜா ராணியாயிட்டாரு. மூணாவதுல கடல்குதிரை வந்து சேர்ந்துச்சு. அஞ்சாம் நாள் நீலவேணியில பாரை உடைக்கிறப்ப ஆனை வந்து விழ, கதை தெரியாம தூங்கிட்டிருந்த ஒருத்தரு மட்டும் பிள்ளையாரேன்னு கும்பிட்டுட்டாராம்.

முதலாளி அசையவே இல்ல. "என் ஆபீஸ்லயும் ஒரு வயர்லெஸ் செட்டு இருக்கு"ன்னாரு. "ஒரு வாரமா ஆறு மணிக்கு நான் போனையே எடுக்கல. வெறும் கதைன்னுதான் நினைச்சேன். ஆனா ஐஸ்ல ஆனை போட்டது தப்பு. பீடிக்கு ஒரு நியாயம், ஆனைக்கு ஒரு நியாயம்னு என்கிட்ட கிடையாது."

அப்ப அப்பா மெதுவா கேட்டாங்க. "அப்ப ஆனையை மன்னிச்சா, பீடியையும் மன்னிக்கணுமே முதலாளி?"

முதலாளி மூக்கைச் சொறிஞ்சாரு. "செல்லையனை நாளைக்கு வரச் சொல்லு. இந்தப் புள்ள தண்டனையா எல்லா மூடியிலயும் நம்பர் எழுதட்டும். இனிமே எடுத்த மூடி எடுத்த டின்னுலதான். தொட்டி ஓடாதப்ப, நீ கூட நின்னு எழுதணும், சவரி." கிளம்பினவரு திரும்பி வந்து என்னைக் கேட்டாரு. "ராஜா யோசிச்சாருன்னு விட்டுட்டியே. வீட்டுக்கு விட்டாரா, இல்லையா?"

ஜூன் 23, திங்கள்

செல்லையன் மாமா வந்துட்டாரு. பிளெஸ்ஸி அவரை நிறுத்தி வெச்சு சட்டைப் பையைச் சோதனை போட்டா.

ஜூன் 26, வியாழன்

கதை முடிஞ்சுது. பதினோரு பக்கம். ராஜா குண்டப்பனை விட்டுட்டாரு. எதுக்குன்னா, அவனைத் தேடி வீட்டுல ஒருத்தங்க தினம் கூப்பிடுறது அவருக்கு ஐஸைத் தாண்டிக் கேட்டுச்சு. கல்யாணத்தையும் வெச்சுக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்குறேன். முதல் பக்கத்துல 'எழுதியது: ஜெனோவா, 7 ஆ'ன்னு போட்டேன். அப்புறம் யோசிச்சுட்டு, கீழ அப்பா பேரையும் மூணு படகு பேரையும் நீலவேணியையும் சேர்த்தேன். இடம் பத்தல, ஓரத்துல செங்குத்தா எழுதிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

குடுத்துட்டேன். தேன்மொழி டீச்சர் ஓரத்துல இருந்த பேரெல்லாம் தலையைச் சாய்ச்சுப் படிச்சாங்க. "யாரு இவங்கள்லாம்?"னாங்க. "எங்க ஊரு, டீச்சர்"னேன்.

ஜூன் 29, ஞாயிறு

மூடிக்கு நம்பர் எழுத மிஷினை நிறுத்தி ஒரு நாள் லீவு. முந்நூத்து அறுபது மூடி. நான் எழுத, அப்பா பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. சொட்டுற பைப்புக்குக் கீழ இருக்குற மூடியில நம்பரோட ஒரு குட்டி ஆனையும் போட்டேன். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி டப்பாவைக் கலக்கினாங்க.

குண்டப்பன் மறுபடி கடலுக்குப் போயிட்டான். நீலவேணிக்காரங்க கெஞ்சினாங்க, பிளெஸ்ஸி அனுப்பினா. வர்றப்பல்லாம் கொண்டு வந்து காட்டணும்னு கண்டிஷன்.

சாயங்காலம் அப்பா என் கையைப் பிடிச்சு சங்க ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பிளெஸ்ஸியும் வந்தா. மைக்கை என் கையில குடுத்து, "நீயே சொல்லு"ன்னாங்க.

பட்டனை அமுக்கினேன். ஒரு வார்த்தை வரல! வீட்டுல அம்மாகிட்ட வாயாடின்னு திட்டு வாங்குற நான்! பட்டனை விட்டா, உள்ளேருந்து கொர்ருன்னு கடல் சத்தம் மட்டும் வந்துச்சு. அப்புறம் யாரோ ஒரு படகுலேருந்து, "அப்புறம்?"னாங்க. தூரத்துலேருந்து இன்னொருத்தர், "அப்புறம்?" அதுக்கும் தூரத்துல, கேட்டும் கேட்காம, இன்னொரு "அப்புறம்?"

அப்பாவைப் பார்த்தேன். அப்பா கையைக் காட்டினாங்க, மிஷின் போடுறப்ப காட்டுவாங்களே, அந்தக் கை: 'ம், ஓட்டு.'

"பனிமலை உச்சியில ஒரு கண்ணாடிக் கோட்டை"ன்னு ஆரம்பிச்சேன். "அதுல ஒரு இளவரசி."

பிளெஸ்ஸி முகம் சுருங்கிடுச்சு. "மறுபடி அவளா? அழுவுறாளா?"

"இல்லடி. கோட்டையில மிஷின் நின்னு போச்சு. அவ ஸ்பேனரைத் தேடிட்டு இருக்கா."

பிளெஸ்ஸி நாற்காலியை மைக்கு பக்கத்துல இழுத்துப் போட்டு உட்கார்ந்தா.